நாவலில் நடக்கும் போரும் களத்தில் நடக்கும் போரும்: அரசியல், ராணுவ திரில்லர்களின் கதைப் பிழைகள்

உலகில் எங்காவது போர் மூண்டாலோ, ஒரு தலைவர் மீது தாக்குதல் நடந்தாலோ, ஒரு நாட்டின் கணினி வலையமைப்பு முடங்கினாலோ, அடுத்த சில மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு பழைய நாவலின் பக்கம் படமெடுக்கப்பட்டுப் பகிரப்படுகிறது. ‘இதை அவர் அப்போதே எழுதிவிட்டார்’ என்ற வரியும் கூடவே வருகிறது. எழுத்தாளருக்கு ரகசியத் தகவல் கிடைத்திருக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், எல்லாம் தற்செயல் என்று மறு தரப்பும் வாதிடுகின்றன. இந்த இரண்டு விளக்கங்களும் போதாதவை. இத்தகைய நாவல்களின் விவரங்கள் எங்கிருந்து வருகின்றன, கதையின் தேவை எந்த இடங்களில் நிஜத்தை வளைக்கிறது, அந்த வளைவு வாசகரையும் ஆட்சியாளரையும் எங்கே கொண்டு சேர்க்கிறது என்ற மூன்று கேள்விகளையும் வரிசையாகப் பார்த்தால்தான் குழப்பம் தெளியும்.

இந்தக் கட்டுரையின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். இவ்வகை நாவல்கள் ஆயுதங்களையும் கருவிகளையும் பெரும்பாலும் சரியாகவே சித்திரிக்கின்றன. மனிதர்களும் அரசாங்கங்களும் முடிவெடுக்கும் விதத்தைத்தான் தவறாகச் சித்திரிக்கின்றன. விவரம் தெரிந்த ஆசிரியர்களே இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்பதால், அதன் காரணத்தைக் கதை என்ற வடிவத்துக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

எவற்றை இந்த வகையில் சேர்க்கிறோம்

ஆட்சிக் கவிழ்ப்பு, தலைவர் கொலை, அதிகாரத்துக்குள் நடக்கும் சதி ஆகியவற்றைச் சுற்றிக் கதை நகர்ந்தால் அது அரசியல் திரில்லர். படைகள், ஆயுதங்கள், போர்த் திட்டங்கள் ஆகியவற்றைச் சுற்றி நகர்ந்தால் ராணுவ திரில்லர். இரண்டும் பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன.

ராணுவ திரில்லரின் வேர் 1871ஆம் ஆண்டில் இருக்கிறது. பிரஷ்யா பிரான்ஸை வீழ்த்திய அந்தச் சமயத்தில், ஜெர்மானியப் படை இங்கிலாந்தில் இறங்கி வெற்றி பெறுவதாக ‘தி பேட்டில் ஆஃப் டார்க்கிங்’ என்ற கதை ஒரு பிரிட்டிஷ் இதழில் வெளியானது. எழுதியவர் ஜார்ஜ் செஸ்னி. வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த அவர், 1857இல் டெல்லி முற்றுகையின்போது காயமடைந்தவர். தோல்வியைக் கண்ட ஒரு தொண்டர் படை வீரர் பல ஆண்டுகள் கழித்துத் தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதாக அமைந்த அந்தக் கதை, ராணுவத்தை உடனே சீரமைக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தாங்கி வந்தது. பிரதமர் கிளாட்ஸ்டன் மேடையேறி அதற்கு மறுப்புச் சொல்லும் அளவுக்கு அது பரபரப்பை ஏற்படுத்தியது. ஆகவே, இந்த இலக்கிய வகை பிறக்கும்போதே ஓர் அரசியல் நோக்கத்தோடுதான் பிறந்தது. வெறும் பொழுதுபோக்காக அது ஒருபோதும் இருந்ததில்லை.

விவரங்கள் எங்கிருந்து வருகின்றன

1984இல் வெளியான டாம் கிளான்சியின் ‘தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்’ நாவலைப் படித்த அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் லீமன், இதை வெளியிட அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டதாக ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிய விவரங்கள் அவ்வளவு துல்லியமாக இருந்தன. ஆனால் கிளான்சி கடற்படையில் பணியாற்றியவர் அல்லர். மேரிலாந்தில் காப்பீட்டு முகவராக இருந்தவர். யாருக்கும் கிடைக்கக்கூடிய கடற்படை நூல்கள், லாரி பாண்ட் வடிவமைத்த ‘ஹார்பூன்’ என்னும் கடற்போர் விளையாட்டு, முன்னாள் நீர்மூழ்கி வீரர்களுடனான உரையாடல் ஆகியவையே அவருடைய மூலதனம். சிதறிக் கிடந்த வெளிப்படையான தகவல்களை ஒரே கதைக்குள் பொருத்தினால் அது ரகசியம் கசிந்ததுபோலத் தோன்றும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

அந்த நாவலின் கருவும் நிஜத்திலிருந்து வந்ததுதான். 1975 நவம்பர் 8ஆம் தேதி இரவு, ரீகா துறைமுகத்தில் நின்றிருந்த ‘ஸ்தொரொஷெவோய்’ என்ற சோவியத் போர்க்கப்பலில் கலகம் வெடித்தது. கப்பலின் தளபதியைக் கீழ்த்தளத்தில் அடைத்துவிட்டு, வலேரி சாப்ளின் என்ற அரசியல் அதிகாரி கப்பலைக் கைப்பற்றிக் கடலுக்குள் செலுத்தினார். சோவியத் விமானங்கள் குண்டு வீசி அதைத் தடுத்து நிறுத்தின. சாப்ளினுக்கு 1976 ஆகஸ்டில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் இந்தக் கலகத்தை ஆராய்ந்து எழுதிய பட்ட ஆய்வேட்டைப் படித்தே கிளான்சி தம் கதையை உருவாக்கினார்.

நிஜம் கதையாக மாறியபோது எது தங்கியது, எது உதிர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கப்பல், கலகம், துரத்தல் ஆகிய மூன்றும் தங்கின. நோக்கம் தலைகீழாக மாறியது. சாப்ளின் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் செல்ல விரும்பியவர் அல்லர். லெனின்கிராடுக்குச் சென்று, சோவியத் தலைவர் பிரெஷ்னேவின் ஆட்சி லெனினின் கொள்கைகளுக்குத் துரோகம் செய்துவிட்டது என்று வானொலியில் மக்களிடம் பேசி, புதியதொரு புரட்சியைத் தூண்ட நினைத்த தீவிரமான கம்யூனிஸ்ட். நாவலில் வரும் கப்பல் தலைவரோ அமெரிக்காவிடம் தஞ்சம் புக நீர்மூழ்கியோடு புறப்படுகிறார். இதில் ஒரு முரண் உண்டு. கப்பலில் கட்சியின் கண்ணாக இருக்க வேண்டிய அரசியல் அதிகாரிதான் நிஜத்தில் கலகத்தின் தலைவர். நாவலிலோ அந்த அரசியல் அதிகாரியைத்தான் கப்பல் தலைவர் முதலில் கொன்றுவிடுகிறார். கட்சிக்கு உண்மையானவரே கட்சித் தலைமையை எதிர்த்தார் என்ற சிக்கலான உண்மையைவிட, நல்லவர் எல்லாரும் நம் பக்கம் வர விரும்புகிறார்கள் என்பது வாசகருக்கு இதமாக இருக்கிறது.

பிரெடரிக் ஃபோர்சைத்தின் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ (1971) இன்னொரு வகை. பாரிஸில் ராய்ட்டர்ஸ் செய்தியாளராக இருந்த அவர், அல்ஜீரியாவுக்கு விடுதலை அளிக்கும் விவகாரத்தில் பிரெஞ்சு அதிபர் டி கோல் மீது ஆத்திரம் கொண்டிருந்த ரகசிய ராணுவ அமைப்பை நேரில் கவனித்தவர். 1962 ஆகஸ்ட் 22ஆம் தேதி பெத்தி-கிளாமாரில் டி கோலின் கார் மீது நடந்த துப்பாக்கிச் சூடும், அதற்குத் தலைமை தாங்கிய பாஸ்தியன்-திரிக்கு 1963 மார்ச்சில் நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையும் நாவலில் அப்படியே வருகின்றன. அதன் பிறகு வரும் வாடகைக் கொலையாளி மட்டுமே கற்பனை. குழந்தைப் பருவத்தில் இறந்துபோன ஒருவரின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் பெறும் வழியை அந்தக் கொலையாளி பயன்படுத்துகிறான். ஓட்டை உண்மையானது. 1974இல் மியாமி கடற்கரையில் இறந்துவிட்டதாக நாடகமாடித் தலைமறைவான பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஸ்டோன்ஹவுஸ், தம் தொகுதியைச் சேர்ந்த இறந்தவர் ஒருவரின் பெயரில் பாஸ்போர்ட் பெற்றிருந்தார். லண்டன் காவல்துறையின் ரகசியப் பிரிவினரும் இறந்த குழந்தைகளின் அடையாளங்களை எடுத்துப் பயன்படுத்தி வந்தார்கள் என்பது பின்னாளில் அம்பலமானது. தங்களுக்குள் அதை அந்த நாவலின் பெயராலேயே குறிப்பிட்டார்கள். நிஜம் கதைக்குள் போய், கதை மறுபடி நிஜத்துக்குள் திரும்பி வந்த பாதை இது.

அந்த நாவலின் கதைக் கட்டுமானத்தையும் பாராட்ட வேண்டும். டி கோல் 1970இல் இயற்கையாகவே இறந்தார் என்பது வாசகருக்குத் தெரியும். கொலை முயற்சி தோற்கும் என்பதும் தெரியும். ஆயினும் பதற்றம் குறைவதில்லை. என்ன நடக்கும் என்ற கேள்வியை விட்டுவிட்டு எப்படி நடக்கும் என்ற கேள்வியில் ஆசிரியர் முழுக் கவனத்தையும் வைத்ததே காரணம். பின்னால் வந்த பல திரில்லர்கள் இந்தப் பாடத்தைக் கற்காமல், பேரழிவின் அளவைப் பெரிதாக்கினால் பதற்றம் கூடும் என்று நம்பின.

கதை நிஜத்தை வளைக்கும் இடங்கள்

1. எதிரிக்கு ஒரே மனம் இருப்பதாகக் காட்டுவது

திரில்லரில் எதிரி நாடு என்பது பெரும்பாலும் ஒரே ஆளின் திட்டம். 1994இல் வெளியான கிளான்சியின் ‘டெட் ஆஃப் ஹானர்’ நாவலில், 1944இல் சைபான் தீவில் பெற்றோரை இழந்த ஒரு ஜப்பானியத் தொழிலதிபர், பழிவாங்கும் எண்ணத்தில் தன் நாட்டையே அமெரிக்காவுக்கு எதிரான போருக்குள் இழுத்துவிடுகிறார். ஜப்பானிய நிறுவனங்கள் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்திலும் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோவிலும் முதலீடு செய்த 1989ஆம் ஆண்டின் அமெரிக்கப் பீதிதான் இந்தக் கதையின் விதை. நாவல் வெளிவந்தபோது ஜப்பானின் பொருளாதாரக் குமிழி ஏற்கெனவே உடைந்திருந்தது. திரில்லரின் வில்லன் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாளிலிருந்தே வருகிறான்.

நிஜ அரசுகள் இப்படி இயங்குவதில்லை. 1979 மார்ச்சில் ஆப்கானிஸ்தான் ஆட்சியாளர் தராகி படை அனுப்பும்படி கேட்டபோது, சோவியத் தலைமைக் குழு அதை மறுத்தது. தலையிட்டால் என்னவெல்லாம் கெடும் என்று அந்தக் கூட்டத்தில் அவர்களே தெளிவாகப் பேசியிருக்கிறார்கள். அதே டிசம்பரில் அதே ஆட்கள், அதிலும் ஒரு சிறு குழுவினர், படை அனுப்ப முடிவெடுத்தார்கள். முப்படைத் தலைமை அதிகாரி ஒகார்கோவின் எதிர்ப்பு ஒதுக்கித் தள்ளப்பட்டது. தயக்கம், பயம், தவறான உளவு, வயோதிகம், ஒருவர் மற்றவரைத் திருப்திப்படுத்த நினைப்பது ஆகிய எல்லாம் சேர்ந்து எடுத்த முடிவு அது. ஒரு நாவலாசிரியர் இதை எழுதினால், காரணம் பலவீனமாக இருக்கிறது என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பக்கூடும்.

2. திட்டம் திட்டமிட்டபடியே நடப்பது

போரில் மிக எளிய காரியமும் எண்ணற்ற சிறு தடங்கல்களால் கடினமாகிவிடுகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் பிரஷ்யச் சிந்தனையாளர் க்ளாஸ்விட்ஸ் ‘உராய்வு’ என்ற கருத்தாக விளக்கினார். திரில்லர்களில் காணாமல் போகும் முதல் பொருள் இந்த உராய்வுதான். நாயகனுக்கு வரும் தடங்கல்கள் அவன் திறமையைக் காட்டுவதற்காக வருபவை. நிஜத் தடங்கல்களுக்கு அப்படி எந்த நோக்கமும் இல்லை.

1980 ஏப்ரலில் தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க 8 ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. குறைந்தது 6 தேவை. புழுதிப் புயலாலும் இயந்திரக் கோளாறாலும் பாலைவனத்தில் இயங்கும் நிலையில் மிஞ்சியவை 5. முயற்சி கைவிடப்பட்டது, திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் போக்குவரத்து விமானத்தின் மீது மோதியதில் 8 வீரர்கள் இறந்தார்கள். எதிரி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

2022 பிப்ரவரி 24ஆம் தேதி நடந்ததும் இதே பாடம்தான். கீவ் நகருக்கு அருகிலுள்ள ஹொஸ்தொமெல் விமான நிலையத்தை ஹெலிகாப்டர் படை கைப்பற்றும். பெரிய விமானங்களில் துருப்புகள் வந்து இறங்கும். தலைநகர் விழும் என்ற ரஷ்யத் திட்டம் ஒரு திரில்லரின் முதல் அத்தியாயம்போல இருந்தது. உக்ரைனின் பீரங்கித் தாக்குதலில் ஓடுபாதை பயன்படாமல் போகவே, துருப்பு விமானங்கள் வரவில்லை. அடுத்த நாள்களில் கீவின் வடக்கே சுமார் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு ராணுவ வாகனங்கள் எரிபொருளும் ஒழுங்கும் இன்றித் தேங்கி நின்றன. எரிபொருள் லாரி தாமதமாவதைப் பற்றி முந்நூறு பக்க நாவல் எழுத யாரும் முன்வருவதில்லை. ஆனால் போர்கள் பெரும்பாலும் அந்த லாரியில்தான் தீர்மானமாகின்றன.

3. ஒரே பொத்தானில் எதிரியை முடக்குவது

முன்பு அதிசய ஆயுதம் என்று எழுதப்பட்ட இடத்தில் இப்போது சைபர் தாக்குதல் வந்து அமர்ந்திருக்கிறது. எலியட் ஆக்கர்மனும் நேட்டோ படைகளின் முன்னாள் தலைமைத் தளபதி ஜேம்ஸ் ஸ்டாவ்ரிடிஸும் சேர்ந்து எழுதிய ‘2034’ (2021) நாவலில், சீனாவின் கணினித் திறன் அமெரிக்கக் கடற்படையின் தகவல் தொடர்பை மொத்தமாகக் குருடாக்கிவிடுகிறது. உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர் நிஜமாகவே ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மோடம்கள் செயலிழந்தன. அதன் விளைவாக, ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. உக்ரைன் ராணுவமோ வேறு வழிகளில் தொடர்பை மீட்டுக்கொண்டது. குறிவைத்த இடத்தில் பாதிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தும், சம்பந்தமில்லாத இடத்தில் பாதிப்பு விழுந்தும் நடந்த இந்தத் தாக்குதல், நாவல்களில் வரும் தாக்குதலைவிட மிகச் சாதாரணமானது.

அதே நாவலில் இந்தியா குறுக்கே புகுந்து போரைத் தடுக்கும் சக்தியாக வருகிறது. நம் வாசகர்களுக்கு இது மகிழ்ச்சி தரலாம். ஆனால் கதையை முடிக்க வெளியிலிருந்து ஒரு கை தேவைப்பட்டது என்பதே அந்தத் திருப்பத்துக்கான முதன்மைக் காரணமாகத் தெரிகிறது. எல்லைப் பிரச்சினை, ஆயுதக் கொள்முதல், அணிசேராமை என்று டெல்லியைக் கட்டிப்போடும் எதுவும் அங்கே எடை பெறவில்லை.

4. அணு ஆயுதம் கதைக்கு வசதியாக நடந்துகொள்வது

கிளான்சியும் லாரி பாண்டும் உருவாக்கிய ‘ரெட் ஸ்டார்ம் ரைசிங்’ (1986) நாவலில், ஓர் எண்ணெய் ஆலையைத் தீவிரவாதிகள் எரித்ததால் எரிபொருள் பஞ்சத்தில் விழும் சோவியத் ஒன்றியம், பாரசீக வளைகுடாவைப் பிடிக்க முடிவு செய்கிறது. அதற்கு முன்னேற்பாடாக ஐரோப்பாவில் நேட்டோவைத் தாக்குகிறது. எண்ணெய் வேண்டும் என்பதற்காக உலகின் மிக வலிமையான கூட்டணியோடு போர் தொடங்குவது எந்தக் கணக்கிலும் சேராது; இருப்பினும் அந்தப் போர் இல்லையென்றால் நாவலே இல்லை. வாரக்கணக்கில் மரபான ஆயுதங்களால் மட்டுமே போர் நடக்கிறது. அணு ஆயுதம் பயன்படுத்தப்படவிருந்த வேளையில் மாஸ்கோவில் ஒரு தளபதி ஆட்சியைக் கைப்பற்றிப் போரை முடித்துவைக்கிறார்.

2005இல் போலந்து அரசு வெளியிட்ட 1979ஆம் ஆண்டின் வார்சா ஒப்பந்த (சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணி) படைப் பயிற்சி ஆவணம் வேறு கதை சொல்கிறது. ஏழு நாள்களில் ரைன் நதியை அடைவது என்ற அந்தத் திட்டம், அணு குண்டுகள் இரு பக்கமும் விழும் என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு வரையப்பட்டது. போலந்தின் விஸ்துலா நதிக்கரை நகரங்கள் அழியும் என்பதும் அதன் கணக்கில் அடங்கியிருந்தது. படிக்கத் தகுந்த போர் ஒன்று வேண்டுமானால் அந்த ஆவணத்தை ஒதுக்கிவைத்துத்தான் எழுத முடியும்.

5. நாயகனின் பதவி உயர்வு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். உளவுத்துறை ஆய்வாளராக அறிமுகமாகும் கிளான்சியின் ஜாக் ரையன், தொடர் நாவல்களின் போக்கில் அமெரிக்க அதிபராகவே ஆகிவிடுகிறார். எல்லா முடிவும் ஒருவர் கையில் இருந்தால் எழுதுவது எளிது. குழுக்கூட்டம், சட்ட ஆலோசனை, நாடாளுமன்றக் கேள்வி, அடுத்த துறையோடு வரும் சண்டை ஆகிய அனைத்தும் அதனால் கதையை விட்டு வெளியேறிவிடுகின்றன.

‘முன்பே சொன்னார்’ என்பதை எடைபோடுவது

‘டெட் ஆஃப் ஹானர்’ நாவலின் இறுதியில், மகனையும் சகோதரனையும் போரில் இழந்த ஒரு ஜப்பானிய விமானி, தான் ஓட்டிவரும் 747 விமானத்தை அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது மோதுகிறார். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு இந்த நாவல் தீர்க்கதரிசனமாகப் பேசப்பட்டது. இதை நிதானமாக எடைபோட மூன்று கேள்விகள் உதவும்.

1. அந்தக் கற்பனைக்கு முன்னுதாரணம் இருந்ததா? இருந்தது. 1974இலேயே சாமுவேல் பிக் என்பவர் விமானத்தைக் கடத்தி வெள்ளை மாளிகை மீது மோத முயன்றிருக்கிறார். நாவல் வெளிவந்த அடுத்த மாதமே ஒருவர் சிறிய செஸ்னா விமானத்தை வெள்ளை மாளிகைப் புல்வெளியில் மோதி இறந்தார்.

2. ஒத்துப்போகாதவை எத்தனை? அதே நாவலில் ஜப்பான் பசிபிக்கில் அமெரிக்கா வசமுள்ள மரியானா தீவுகளைக் கைப்பற்றுகிறது. ரகசியமாக அணு ஏவுகணைகளை வைத்திருக்கிறது. இவற்றை யாரும் பகிர்வதில்லை. பொருந்திய ஒன்றை எண்ணி, பொருந்தாத நூறை மறந்தால் எந்த நாவலையும் தீர்க்கதரிசனமாக்கிவிடலாம். ‘தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்’ நாவலில் கொல்லப்படும் அந்த அரசியல் அதிகாரியின் குடும்பப்பெயர் புட்டின். அதைக்கூட வியந்து பகிர்பவர்கள் இருக்கக்கூடும்!

3. காட்சி ஒத்துப்போகிறதா, இயங்குமுறை ஒத்துப்போகிறதா? இதுதான் முக்கியமான கேள்வி. நாவலில் துக்கத்தில் இருக்கும் தனி மனிதர் தன் விமானத்தைத் தானே ஓட்டி வருகிறார். நிஜத்தில் 19 பேர், நீண்ட காலத் திட்டம், விமானப் பயிற்சிப் பள்ளிகள், பயணிகளோடு கடத்தப்பட்ட நான்கு விமானங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடத்தல்காரர்களில் இருவர் 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டது சிஐஏவுக்குத் தெரிந்திருந்தும், அவர்கள் பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது 2001 ஆகஸ்டில்தான். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கோப்பு நகராததுதான் நிஜத்தின் மையம். விமானம் கட்டடத்தில் மோதும் காட்சியை நாவல் கண்டது. கோப்பு நகராததை அது காணவில்லை.

இருந்தாலும் கற்பனையை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. தாக்குதலை விசாரித்த ஆணையத்திடம் பேசிய பயங்கரவாத எதிர்ப்பு ஒருங்கிணைப்பாளர் ரிச்சர்ட் கிளார்க், விமானத்தை ஆயுதமாக்கும் ஆபத்தைத் தாம் உணர்ந்ததற்கு உளவுத்துறை எச்சரிக்கைகளைவிட கிளான்சியின் நாவல்களே அதிகக் காரணம் என்று தெரிவித்ததாக ஆணையத்தின் அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

இயங்குமுறையில் தவறி, திசையில் சரியாக இருந்த நாவல்களும் உண்டு. யூஜீன் பர்டிக்கும் ஹார்வி வீலரும் எழுதிய ‘ஃபெயில்-சேஃப்’ (1962) கதையில், ஒரு மின்னணுக் கோளாறால் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் தவறான உத்தரவு சென்று, மாஸ்கோ அழிகிறது. ஈடாக நியூயார்க் மீது குண்டு வீசும்படி அமெரிக்க அதிபரே உத்தரவிடுகிறார். நகரத்துக்கு நகரம் என்ற அந்த ஈடு, பாத்திரங்களின் தர்க்கத்தைவிட ஆசிரியர்களின் சமன்பாட்டுக்கே கட்டுப்பட்டது. தானாக உத்தரவு பாயும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அப்போதே விமர்சிக்கப்பட்டது. ஆனால் பிற்காலத்தில் வந்த ஆபத்து உத்தரவின் பக்கமிருந்து வராமல் எச்சரிக்கையின் பக்கமிருந்து வந்தது. 1979 நவம்பர் 9ஆம் தேதி, பயிற்சிக்கான தரவு அமெரிக்க எச்சரிக்கைக் கணினியில் உண்மைத் தாக்குதலாகத் தெரிந்தது. 1980 ஜூனில் 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப் பழுதாகிப் பொய் எச்சரிக்கை எழுந்தது. 1983 செப்டம்பர் 26ஆம் தேதி, மேகங்களில் பட்ட சூரிய ஒளியை ஐந்து ஏவுகணைகள் என்று சோவியத் செயற்கைக்கோள் அறிவித்தபோது, பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், ஐந்தே ஏவுகணைகளோடு யாரும் போர் தொடங்க மாட்டார்கள் என்று கருதி, அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஆசிரியர்கள் இயந்திரத்தை நம்ப வேண்டாம் என்று சொன்னது சரிதான்; இயந்திரத்துக்கும் போருக்கும் இடையில் தயங்கும் ஒரு மனிதர் இருக்கக்கூடும் என்பதற்கு அவர்களுடைய கதையில் இடமில்லாமல் போனது.

ஆட்சியாளர் மேசைக்கு வரும் நாவல்

கதைப் பிழை வாசகரோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. அது அரசின் முடிவுகளுக்குள் நுழைந்ததற்குப் பதிவுகள் இருக்கின்றன.

வில்லியம் லெ கியூ எழுதிய ‘தி இன்வேஷன் ஆஃப் 1910’ என்ற தொடர்கதை 1906இல் லண்டன் ‘டெய்லி மெயில்’ நாளிதழில் வந்தது. ஜெர்மானியப் படை செல்லும் பாதையை, பத்திரிகை அதிகம் விற்கக்கூடிய ஊர்கள் வழியாகப் போகும்படி பத்திரிகை முதலாளி மாற்றச் சொன்னார். போர் உத்தியைப் பத்திரிகை விற்பனைப் பிரிவு தீர்மானித்த ஒரே படையெடுப்பு அதுவாகத்தான் இருக்கும். லெ கியூவின் ஜெர்மானிய உளவாளிக் கதைகளைப் படித்தவர்கள், தங்கள் ஊரிலும் சந்தேகத்துக்குரிய ஆட்கள் இருப்பதாகக் கடிதங்கள் எழுதினார்கள். இந்தப் பீதியின் நடுவே 1909இல் அமைக்கப்பட்ட அரசுக் குழு, ரகசியச் சேவைப் பிரிவு ஒன்றை உருவாக்கப் பரிந்துரைத்தது. இன்றைய பிரிட்டிஷ் உளவு அமைப்புகளான எம்ஐ5, எம்ஐ6 இரண்டும் அதிலிருந்து கிளைத்தவை. ஆதாரம் பலவீனம், அமைப்பு நிலைத்துவிட்டது.

1986 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் சோவியத் தலைவர் கோர்பசேவைச் சந்தித்துத் திரும்பிய அமெரிக்க அதிபர் ரீகன், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சருடன் தொலைபேசியில் பேசும்போது, சோவியத்தின் எண்ணங்களைப் புரிந்துகொள்ள ‘ரெட் ஸ்டார்ம் ரைசிங்’ நாவலைப் படிக்கும்படி பரிந்துரைத்தார் என்பது பின்னர் வெளியான பிரிட்டிஷ் ஆவணங்களில் உள்ளது. எண்ணெய்க்காக நேட்டோவைத் தாக்கும் அதே கதை. மறுபக்கம், 1983இல் ‘வார் கேம்ஸ்’ திரைப்படத்தைப் பார்த்த அதே ரீகன், ராணுவக் கணினிக்குள் வெளியாள் நுழைய முடியுமா என்று முப்படைத் தலைவரிடம் கேட்டார். நிலைமை அவர் நினைப்பதைவிட மோசம் என்ற பதில் வந்தது. 1984இல் கணினிப் பாதுகாப்பு குறித்த முதல் அதிபர் ஆணைகளில் ஒன்று பிறந்தது. இரண்டு நிகழ்வுகளுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை: திரைப்படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேள்வி கேட்டார், நாவலைப் படித்துவிட்டு அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

அண்மைய உதாரணம் இந்தோனேசியாவுடையது. பி. டபிள்யூ. சிங்கரும் ஆகஸ்ட் கோலும் எழுதிய ‘கோஸ்ட் ஃப்ளீட்’ (2015), சீனா ஹவாயைக் கைப்பற்றும் கதை. அதில் வரும் ஆயுதங்கள் உண்மையில் உருவாக்கத்தில் இருப்பவை என்று காட்ட நூற்றுக்கணக்கான பின்குறிப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் கதையின் திருப்பத்துக்குக் காரணமான மின்காந்தப் பீரங்கித் திட்டத்தை அமெரிக்கக் கடற்படை 2021இல் நிறுத்திவிட்டது. அதைத் தாங்கும் சும்வால்ட் வகைக் கப்பல்களில் 32 திட்டமிடப்பட்டு, 3 மட்டுமே கட்டப்பட்டன. பின்குறிப்பு ஓர் ஆயுதம் இருப்பதை நிரூபிக்கும். அது வேலை செய்யும் என்பதை நிரூபிக்காது.

அந்த நாவலில் இந்தோனேசியா சிதைந்துபோன நாடாக, பின்னணியில் மட்டும் வருகிறது. நூலின் அக்கறை அமெரிக்கக் கடற்படையின் மெத்தனத்தைப் பற்றியது. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பிரபோவோ சுபியாந்தோ, 2030இல் இந்தோனேசியா இருக்காது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வதாகப் பேசிய காணொளி 2018இல் பெரும் சர்ச்சையானது. ஆதாரம் இந்த நாவல் என்று தெரிந்தபோது, எழுதியவர்கள் அமெரிக்க வியூக வல்லுநர்கள் என்பதே அவர் தரப்பு விளக்கமாக இருந்தது. ஆயுதங்களைப் பற்றி ஆசிரியர்களுக்கு இருந்த நிபுணத்துவத்தின் எடை, அவர்கள் ஆராயாத ஒரு நாட்டின் எதிர்காலத்தின் மீதும் அப்படியே ஏற்றப்பட்டது. 2019 தேர்தலில் தோற்ற பிரபோவோ, 2024 அக்டோபரில் அந்நாட்டின் அதிபராகப் பதவியேற்றார்.